அளக்காத மண்

இடது முட்டிக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புகிற மாதிரி வலி. ஜெகநாதன் பாதி மேட்டிலேயே நின்று, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். முப்பது வருஷம் மண் வெட்டிய உடம்பு. எந்த எலும்பு எந்த வேலையில் தேய்ந்தது என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லுவான். வலி கொஞ்சம் அடங்கட்டும் என்று தலையை நிமிர்த்தினான். அப்போதுதான் மேலே அது நிற்பது கண்ணில் பட்டது.

நேற்று சாயங்காலம் இடித்துத் தள்ளிய மூன்று சாட்சிகளில் ஒன்று.

"இன்னாடா இது," என்றான், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

சாட்சி என்பது வேறொன்றும் இல்லை. மண் எடுக்கிற இடத்தில் சுற்றிலும் வெட்டிக்கொண்டே போய், நடுவில் தூண் மாதிரிக் கொஞ்சம் மண்ணை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் தலையிலிருந்து அடிவரை அளந்தால், எவ்வளவு ஆழம் வெட்டியது என்று தெரிந்துவிடும். வெட்டினவனும் ஏமாற்ற முடியாது, வெட்டச் சொன்னவனும் ஏமாற்ற முடியாது. அளந்த பிறகு மேஸ்திரி அதன்மேல் கை வைத்து, "அளந்தாச்சு, உன் வேலை முடிஞ்சுது, போ" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவான். அதற்கப்புறம்தான் இடிப்பார்கள். ஏன் அப்படி என்று கேட்டால், "சாட்சி சொல்ல வந்தவன வெசாரிக்காம அனுப்பினா கோர்ட்டே சும்மா வுடாது, மலை வுடுமா?" என்று எவனாவது சிரிப்பான். அவ்வளவுதான் விளக்கம்.

நேற்று யாரும் அளக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. வல்லம் வடகால் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன மலையின் சரிவில் முதலாளி செந்தமிழன் வீட்டுமனை போடுகிறார். மனை போட்டால் ஊருக்குப் பொதுவாக ஒரு பங்கு திறந்தவெளி விட வேண்டும். மேலே இருக்கும் இந்த இடத்தைத்தான் பூங்கா என்று காட்டியிருந்தார். சரிவைத் தொடவே மாட்டோம், மலை மலையாகவே இருக்கும் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். போட்ட கையோடு அங்கேதான் ஓர் ஆள் உயரத்துக்கு கிராவல் வெட்டி, லாரி லாரியாக ரோடு வேலைக்கு அனுப்பினார். வெட்டிக் கொடுத்தது மேஸ்திரி ஜெகநாதன். வெட்டின விளிம்பைச் சரித்துப் புல் பத்தை ஒட்டி, புங்கங்கன்று நட்டு, பார்க்கிறவன் கண்ணுக்கு ஆதிநாள் மேடை மாதிரி ஆக்கியதும் ஜெகநாதன்தான். சாட்சிகளை மட்டும் பிறகு அளந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தான். நேற்று பொழுது சாய்கிற நேரத்தில் முதலாளி போனில் கத்தினார்: "ஆபீஸ் மேடம் நாளைக்கே இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்களாம். அந்த மண்ணுக் குச்சிங்கள மொதல்ல தட்டு." ஜேசிபி ஓட்டும் உச்சிமாகாளி மூன்றையும் தட்டப் போனான். ஜெகநாதன் வாயைத் திறந்தான்தான். வண்டிச் சத்தத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டான்.

இன்றைய ஆய்வு ஒழுங்காக முடிந்தால் அடிவாரத்து மூலைமனை அவனுக்கு. அதுதான் பேச்சு. சொந்த நிலம் கம்பெனிகளுக்குப் போன நாளிலிருந்து வாடகை வீடு. மகள் கவிப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "சொந்த வூடு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பாதி டம்ளரைக் கழுவியது ஜெகநாதன். இன்னும் அந்தக் காபி கையில் ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும் அவனுக்கு.

மேலே ஏறி வந்தான். அடிவாரத்துக்கு அப்பால் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது. தொம், தொம் என்று அந்த அதிர்வு வயல்களாக இருந்த மண்ணுக்குள்ளேயே ஓடி வந்து மலையின் வயிற்றில் முட்டும். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது உள்ளங்கால் வழியாகத்தான் கேட்கும். மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. புங்கங்கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீர் பிற்பகல் வெயிலில் ஆவியாகி மண்வாடை கனமாக எழும்பியது. காக்கை ஒன்றுகூட இல்லை.

ஒன்றை விட்டுவிட்டான் சோம்பேறி என்று உச்சிமாகாளியைத் திட்டிக்கொண்டே கிட்டே போனான். போனவன் நின்றான்.

பழைய சாட்சியில் மேலே கறுப்பு மண், நடுவில் செம்மண், அடியில் சரளை என்று பட்டை பட்டையாகத் தெரியும். இது தலையிலிருந்து அடிவரை ஒரே நிறம். பிசைந்து அப்பின மாதிரி. இந்த வெயிலிலும் ஈரம். தலையில் இருந்த புல் பச்சையாகவும் இல்லை, காய்ந்தும் இல்லை. கறுப்பாக, மெல்லிசாக, காற்றே இல்லாதபோதும் லேசாக அசைந்தது.

புல் கருகியிருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

உச்சிமாகாளிக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். ஜேசிபி ஓரமாக, வாளியைத் தரையில் ஊன்றி நின்றது. கதவு திறந்திருந்தது. சீட்டில் துண்டு, அவன் புகையிலைப் பொட்டலம். ஏறும் படிக்குக் கீழே செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவான் அவன். இறங்கினால் முதலில் அதைத்தான் மாட்டுவான்.

சரி, நாமே தட்டிவிடலாம் என்று கடப்பாரையை எடுத்து இடுப்பு உயரத்தில் ஓங்கி ஒரு குத்து. கல்லில் பட்டு 'ணங்' என்று கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். சத்தமே வரவில்லை. முருங்கை மரத்தில் குத்தின மாதிரி மெத்தென்று வாங்கி, மெத்தென்று திருப்பித் தள்ளியது. குத்துப்பட்ட இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. டீசல். அதோடு கலந்து புகையிலை.

முப்பது வருஷத்தில் மண் அப்படி நாறி அவன் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி!"

தூக்கிவாரிப் போட்டது. அளவுச் சங்கிலியும் டேப்பும் தோளில் போட்டுக்கொண்டு பேச்சிராஜ் ஏறி வந்தான். உச்சிமாகாளியின் ஊர்க்காரன். கம்பெனி வேலைக்கென்று தெற்கேயிருந்து வந்து, காண்ட்ராக்ட் முடிந்ததும் இங்கே அளவு பிடிக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டவன்.

"உச்சியப் பாத்தியளா? ராத்திரி ரூமுக்கே வரல."

"எங்கனா சரக்கடிச்சிட்டுக் கவுந்து கெடப்பான்."

"அவன் குடிக்க மாட்டாம்லா."

"அப்போ ஊருக்குப் போயிருப்பான்."

பேச்சிராஜ் படிக்குக் கீழே பார்த்தான். "செருப்பு போடாமயா?"

பேச்சிராஜ் மண்தூணைச் சுற்றி வந்தான். "இது என்ன அண்ணாச்சி? மூணையும் தட்டியாச்சுன்னு போன்ல சொன்னானே. நேத்து ஏழு மணிக்குச் சொன்னான்."

"ஒண்ண வுட்டுட்டான். வுடு. நீ போயி டேப்ப ரெடி பண்ணு."

கீழே கார் ஹாரன் அடித்தது.

வந்த மேடத்தின் பெயர் சுபஸ்ரீ. வயசு முப்பதுக்கு மேல் இருக்காது. கான்வாஸ் ஷூ, கையில் சுருட்டின வரைபடம், முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. செந்தமிழன் அவளுக்கு முன்னால் பாதி திரும்பி, பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"எளநி சொல்லட்டுங்களா மேடம்?"

"வேணாம் சார்."

"மோராவது?"

"மொதல்ல ஓப்பன் ஸ்பேஸ் பாத்துடுவோம் சார். அப்புறம் தாகம் எடுக்குதான்னு யோசிப்போம்."

சரிவைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். ஒரு பத்தையை ஷூ நுனியால் தட்டிப் பார்த்தாள். வேர் இன்னும் பிடிக்காத புல் லேசாக நகர்ந்தது. நேராக மண்தூணுக்கு வந்தாள்.

"இது என்ன? பிளான்ல இல்லையே."

செந்தமிழன் ஜெகநாதனைப் பார்த்தார்.

"மண் எடுக்குற எடத்துல அளவுக்காக ஒண்ணு விடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு," என்றாள் அவள். "இங்க மண் எடுத்தீங்களா?"

ஜெகநாதனுக்கு அடிவாரத்து மூலைமனை கண்ணுக்கு முன்னால் வந்தது. "புத்து மேடம்," என்றான். "பாம்புப் புத்து. நல்ல பாம்பு கீது. கிட்ட போகாதீங்க."

ஒரு வினாடிதான். செந்தமிழன் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா மேடம்! அம்மன் புத்து! ஊர்க்காரங்க கும்புடுறது. நாங்க தொடுவோமா? டிரைவர், டிக்கில பூமிபூஜ சாமான் இருக்கு பாரு, கொண்டா." குரலைத் தாழ்த்தி ஜெகநாதன் காதில், "பார்க்குல ஒரு புத்துக்கோயில் வந்தா மனை ரேட்டு எங்கயோ போயிடும்யா, கெட்டிக்காரன்தான்யா நீ," என்றார்.

மஞ்சளைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து, ஜெகநாதன் கையில் கொடுத்தார்கள். ஊற்றினான். மஞ்சள் தண்ணீர் கறுப்புப் புல்லை நனைத்து, நடுவகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரித்துக்கொண்டு, தூணின் பக்கவாட்டில் வழிந்தது. வழிந்த இடத்தில் ஈரமண் தோல்தோலாக உரிந்து இறங்கியது. உள்ளே மண்ணால் ஒரு மடிப்பு. மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு. கீழே தொங்கும் சின்னச் சதை. சதையில் கடுக்கன் குத்தின ஓட்டை.

காது.

உச்சிமாகாளிக்குச் சின்ன வயசில் காது குத்தின ஓட்டை தூராமல் இருந்தது. பேச்சிராஜ் அதைச் சொல்லித்தான் தினமும் கேலி பண்ணுவான்.

ஜெகநாதன் மஞ்சளை அள்ளி அதன்மேல் அப்பினான். அப்பின கையை எடுக்க முடியவில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு துடிப்பு. கம்பெனி பிரஸ் அடிக்கிற தாளம் ஒன்று, காலில் தெரிந்தது. இது வேறு. இது வேகமாக இருந்தது. பயந்துபோன எதுவோ ஒன்றின் வேகம்.

"போதும் மேஸ்திரி, ஆசைக்கு அப்பிட்டே," என்று செந்தமிழன் சிரித்தார்.

சுபஸ்ரீ சிரிக்கவில்லை. "நீளம் அளந்துடலாம்," என்றாள்.

பேச்சிராஜ் டேப்பின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கு ஓரத்துக்கு நடந்தான். அங்கே புங்கங்கன்றுகளுக்குப் பின்னால் தரை கொஞ்சம் சரியும். ஆள் இறங்கினால் தெரியாது. டேப்பின் பெட்டி ஜெகநாதன் கையில். நாடா சரசரவென்று ஓடியது. பேச்சிராஜின் தலை கன்றுகளுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. நாடா நின்றது.

"புடிச்சிட்டியா?"

பதில் இல்லை. நாடா மட்டும் இரண்டு தடவை சுண்டியது. பிடித்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அவர்கள் அடையாளம். ஜெகநாதன் இழுத்து விறைப்பாக்கி, அளவைப் படித்தான். சுபஸ்ரீ எழுதிக்கொண்டாள். "சரி, வரச் சொல்லுங்க. மழைத்தண்ணி போற வழிய பாக்கணும்." முதலாளியோடு மேற்குப் பக்கம் நடந்தாள்.

"பேச்சி, வுட்டுடு, வா."

நாடா தளரவில்லை.

"ஏய், வுடுறா."

இழுத்தான். மறுமுனை விறைப்பாக நின்றது. ஆள் பிடித்தால் கொஞ்சமாவது ஆடும், கை நடுங்கும், மூச்சு தெரியும். இது ஆணியில் மாட்டின மாதிரி இருந்தது. பெட்டியைக் கையில் பிடித்தபடி, நாடாவைச் சுற்றிக்கொண்டே, அதன் வழியே நடந்தான். ஒரு கன்று. அடுத்த கன்று. கிழக்குச் சரிவு. இரண்டாவது சாட்சி நேற்றுவரை நின்ற இடம் அது. அவனே குறித்து, அவனே விட்ட இடம்.

அங்கே ஒன்று நின்றது.

ஒரே நிறம். ஈரம். ஓர் ஆள் உயரம். நாடா நேராக அதன் இடுப்புப் பக்கம் போய், மண்ணுக்குள் நுழைந்திருந்தது. நுழைந்த இடத்தில் மண் நாலு விரல் மடக்கின மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சங்கிலி கிடந்தது.

ஜெகநாதனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தான். மேற்கிலிருந்து முதலாளியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயை மூடினான். இரண்டு கையாலும் மண்ணைப் பிராண்டினான். நகத்தில் ரத்தம் வந்தது. மண் வரவில்லை. பிராண்டின இடம் அவன் கண்ணுக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது, நீர் மூடுகிற மாதிரி. அப்புறம் சுண்டியது நாடா. இரண்டு தடவை.

புரிந்துவிட்டது. மண் வெட்டுகிறவனுக்குப் புரியாமல் போகுமா? வெட்டின ஆழத்துக்குச் சாட்சி வேண்டும். இருந்ததை வாய் பேசவிடாமல் இடித்தாயிற்று. அதனால் மலை தனக்கு வேண்டியதைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஓர் ஆள் உயரம் வெட்டினதற்கு ஓர் ஆள் உயரம். மூன்று இடத்தில்.

அளவைச் சொல்லிவிட்டால் விடும். அதற்குத்தானே சாட்சி. உண்மையான ஆழத்தை, எழுதிக்கொள்கிற ஆள் முன்னால், வாய் திறந்து சொன்னால் இவர்களின் வேலை முடிந்தது. போ என்றால் போய்விடுவார்கள். மூச்சு இன்னும் இருக்கிறது. துடிப்பைத் தொட்டுப் பார்த்தானே.

சொன்னால் மனை போகும்.

பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து நாடாவை அறுத்தான். ஏன் அதை முதலில் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மேஸ்திரி."

சுபஸ்ரீ கன்றுகளுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தனியாக. முதலாளி போன் பேசிக்கொண்டு கீழே இறங்கியிருந்தார். அவள் கண் அவனுடைய நகத்துக்குப் போனது. பிறகு அவனுக்குப் பின்னால்.

"இங்கயும் ஒரு புத்தா?"

"ஆமா மேடம்."

"வர்றப்போ பாக்கலையே நான்."

"கன்னு மறைச்சிகினு இருந்திருக்கும் மேடம்."

"டேப்பு புடிச்சவரு எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான்."

காலுக்கடியில் தொம், தொம். "எனக்கு ஒண்ணு தோணுது," என்றாள். "நிரூபிக்க முடியாது. அளக்க இங்க ஒண்ணுமே இல்ல. அதனால உங்களக் கேக்குறேன். அவரு சொல்றத எழுத மாட்டேன், நீங்க சொல்றத எழுதிக்கிறேன். இந்த எடத்துல வெட்டினீங்களா? எவ்ளோ வெட்டினீங்க?"

அவனுக்கு முதுகுப் பக்கம், மண்ணுக்குள்ளிருந்து, மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும். கேட்டுக்கொண்டே நின்றான். இரண்டு வார்த்தை போதும். ஓர் ஆள்.

பாதி குடித்த காபி டம்ளர்.

"வெட்டல மேடம்," என்றான். "மலை எப்பவும் இப்பிடித்தான் கீது."

அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முதுகுக்குப் பின்னால் பிடித்த மூச்சு விடுபடவே இல்லை.

கார் கீழே இறங்கிப் போனது. ஜன்னலிலிருந்து செந்தமிழன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். "மூல மனை உன்னுது மேஸ்திரி! அந்தப் புத்துக்கு வேலி போட்டுடு!" ரோட்டில் புழுதி எழும்பி அடங்கியது. மேற்கே வெயில் சிவந்து, கம்பெனி தகரக் கூரைகளின்மேல் வழுக்கி, ஒவ்வொன்றாக அணைந்தது. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் விளக்கு எரிய ஆரம்பித்தது.

ஜெகநாதன் முதல் தூணுக்கு ஓடினான். மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. கையை வைத்தான். "அளந்தாச்சு," என்றான். "உன் வேலை முடிஞ்சுது. போ." இன்னொரு கையையும் வைத்தான். "போடா உச்சி. போயிடுடா." மண் குளிர்ந்திருந்தது. துடிப்பு இல்லை. பட்டை பட்டையாக நிறம் பிரிய ஆரம்பித்திருந்தது. மேலே கறுப்பு. நடுவில் சிவப்பு. அடியில் சரளை. ஆதியிலிருந்து அங்கேயே நின்ற மண் மாதிரி.

கிழக்குக்கு ஓடினான். அதுவும் அப்படியே.

அளக்காமல் அளந்தேன் என்றால் மலை ஏமாறுமா?

மேடையின் நடுவே பார்த்தான். மூன்றாவது சாட்சி நின்ற இடம். அங்கே மட்டும் புல் பத்தை உள்வாங்கியிருந்தது. மண் பொலபொலவென்று, சலித்த மாவு மாதிரி. யாரும் மிதிக்காமலே அது மெதுவாக இளகிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடிவிடலாம். ஓடினால் இந்த மலைக்கு யாரும் வராதவரை ஒன்றும் இல்லை. ஓடிவிடலாம்.

போன் அடித்தது. கவிப்பிரியா.

"அப்பா, கம்பெனி பஸ் எறக்கி வுட்டுச்சு. ஏறி வந்துகினே கீறேன்."

"எங்க?"

"நீதான மத்தியானம் சொன்ன, ஷிப்ட் முடிஞ்சி வா, மனையக் காட்டுறேன்னு. மேடம் ஓகே பண்ணிட்டாங்களா?"

"வராத. கீழயே நில்லு. நான் வரேன்."

"இன்னா? காத்து அடிக்குதுப்பா, கேக்கல."

"கவி, வராத!"

காற்றே இல்லை. இலை அசையவில்லை. போன் துண்டித்தது.

செல்போன் வெளிச்சம் மேட்டின் விளிம்பில் தெரிந்தது. யூனிபார்ம் கோட், கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "யப்பா, இன்னா ஏத்தம்! எதுப்பா நம்ம மனை?"

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் மேடை.

"அங்கியே நில்லு! நடுவுல வராத!"

"ஏன், பாம்பா?" அவள் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டே, பாம்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டே, நேராக நடந்து வந்தாள். நடுவில் வந்ததும் நின்று கீழே பார்த்தாள். "ஐயோ, இங்கேர்ந்து பாத்தா எங்க கம்பெனி தெரியுதுப்பா. கேன்டீன் லைட்டுகூட தெரியுது."

"கவி. நகரு."

"இரு." ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள். "மண்ணு பொதபொதன்னு கீது. செருப்பு மாட்டிகிச்சு." இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மண் கணுக்காலை மூடியிருந்தது.

"ஓர் ஆள்!" என்று கத்தினான் ஜெகநாதன். "ஓர் ஆள் உயரம் வெட்டினோம்! நான்தான் வெட்டினேன்! அளந்தாச்சு!"

எழுதிக்கொள்ள யாரும் இல்லை.

"இன்னாப்பா கத்துற?" சிரிப்பு நின்றுவிட்டது. மண் முழங்காலுக்கு வந்திருந்தது. வெளிச்சம் ஆடியது. "அப்பா. இது இழுக்குது. கைய குடு."

கையைக் கொடுத்து வெளியே தள்ளலாம். தள்ள வேண்டுமென்றால் அந்த மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். இறங்கினவன் ஏற மாட்டான். இது அவன் காலுக்குத் தெரிந்தது. மண்ணைத் தெரிந்த கால்.

கம்பெனி பிரஸ் சட்டென்று நின்றது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா, கைய குடுப்பா."

கையை நீட்டினான். எட்டவில்லை. இரண்டு எட்டு வைத்தால் எட்டும்.

கால் நகரவில்லை.

"அப்பா."

மண் இடுப்புக்கு ஏறியது.

மேட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். மலைக்குப் பாக்கி ஓர் ஆள்.